அதிபரின் தமிழ்க் குரல்

அதிபர் இன்னும் மேடைக்கு வரவில்லை. மைக், அதன் பின்னால் தொங்கிய கொடி, யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு தம்ளர் தண்ணீர், இவ்வளவுதான் திரையில் தெரிந்தன. ஒலிப்பதிவு அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிரிஜித்தா அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நிமிஷம் உலகத்தில் பாதிப் பேர் ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செய்தி ஆசிரியர் முகுந்தன் கையில் டீயோடு வந்து நின்று, "அதிபரம்மா ரெடியா?" என்று கேட்டார். சேனலில் அவளுக்கு அதுதான் பேர். வெளிநாட்டுத் தலைவர்கள் பேசும்போது கூடவே தமிழில் சொல்வது அவளுடைய வேலை. முன்பு அதிபருக்கு ஆண் குரல்தான் போடுவார்கள். ஒருநாள் அந்த ஆண் குரல்காரர் தன் கல்யாணத்துக்கு லீவில் போய்விட, ஆள் இல்லாமல் இவளை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அதிபர் எதிரி நாட்டின் ஏழு தலைமுறையைத் திட்டித் தீர்த்தார். அதை ஒரு பெண் குரலில் கேட்ட தமிழ்நாடு, தன் வீட்டுக்குள்ளேயே யாரோ சண்டைக்கு வந்துவிட்டது போல விழித்துக்கொண்டதாம். முகுந்தன் அப்படித்தான் சொல்வார். அதற்குப் பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டவர் திரும்பி வந்தும் அதிபர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பிரிஜித்தாவுக்கே நிலைத்துவிட்டார். காய்கறிக் கடையில் பேரம் பேசினால் கடைக்காரர், "அம்மா, குண்டு கிண்டு போட்டுராதீங்க" என்பார். அவளும் சிரிப்பாள். இன்றைக்குக் காலையில் கணவன் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்கிற வரைக்கும் அவளுக்கு அது வெறும் வேடிக்கைதான்.

லிகோரி எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். தூத்துக்குடிக்காரன், அவளும் தூத்துக்குடிக்காரிதான். ஒரே கோயில் தெரு, ஒரே உப்புக் காற்று. இப்போது அவனுடைய கப்பல் அதிபரின் நீரிணைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. நீரிணை என்று அவள் செய்தியில் சொல்வாள், அவன் இடுக்கு என்பான். அந்த இடுக்கை மூடிவிடுவேன், நுழைகிற கப்பலைக் கொளுத்துவேன் என்று அதிபர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். துணிந்த சில கப்பல்கள் போய்த்தான் வந்துகொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இவர்கள் கப்பல் கேப்டன் நல்ல மனிதர். சாயங்காலம் கரையிலிருந்து லாஞ்ச் படகு வரும், இடுக்குக்குள் வர விருப்பமில்லாதவர்கள் அதில் இறங்கிப் போகலாம், யாரையும் தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லிகோரியின் குரல் செய்தி காற்றுச் சத்தத்துக்கு நடுவில் வந்தது. "ஏளா, எனக்கு ஒண்ணும் புரியல. இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ. நீ அந்த மனுசனுக்கு வாயா இருக்கவ. ரெண்டு வருசமா அவரு மூச்சக் கேட்டுட்டு இருக்க. இன்னைக்குச் சாயங்காலம் பேசுதாராம்லா, கேட்டுட்டு நீயே சொல்லு. இறங்கவா, போகவா? நீ என்ன சொல்லுதியோ அதான்." அவ்வளவுதான் செய்தி. முடிவில் யாரோ அவனைக் கூப்பிடுவதும் அவன் "இந்தா வாரேன்" என்பதும் கேட்டது. அந்த "இந்தா வாரேன்" அவளுக்குச் சொன்னதல்ல. ஆனாலும் அவள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

அதிபர் வந்தார். கூட்டம் எழுந்து நின்று முழங்கியது. அவர் கையை உயர்த்தவில்லை, லேசாகத் தலையை ஆட்டினார், உடனே அமைதி. அந்த அமைதியைக் கேட்கும்போதெல்லாம் பிரிஜித்தாவுக்கு மயிர்க்கூச்செறியும். அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்குவது ஹெட்போனில் ஒரு சத்தமாகவே வரும். அவர் பேசத் தொடங்கியதும் அவர் குரலுக்கு மேலே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளரின் குரல் ஏறிக்கொண்டது, அதற்கு மேலே இவளுடைய குரல். "என் மக்களே, எங்கள் பொறுமையைப் பலவீனம் என்று நினைத்தவர்களுக்கு இன்றைக்கு ஒன்று சொல்கிறேன்." வழக்கமான தொடக்கம். நாக்கு தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கத் தொடங்கியது. இது இந்த வேலையின் விசித்திரம், வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். காது இங்கிலீஷை வாங்கும், வாய் தமிழைக் கொடுக்கும், நடுவில் மனசு சும்மா உட்கார்ந்திருக்கும். அரிசி களைய மறந்துவிட்டோமா என்றுகூட யோசிக்கலாம். இன்றைக்கு மனசு சும்மா உட்காரவில்லை. இங்கிலீஷுக்கு அடியில் ஓடும் அந்த ஆதிக் குரலுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அந்த மொழியில் அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் எந்த இடத்தில் கத்தப்போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரியும். கத்துவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு. பொய் சொல்லும்போது, பொய் என்று அவளாக முடிவு கட்டியிருந்த இடங்களில், சொற்கள் வேகமாகும். குழந்தைகளைப் பற்றிப் பேசினால் தொண்டை கரகரக்கும். கட்டின புருஷனின் மூச்சைக்கூட இவ்வளவு கவனித்திருக்க மாட்டாள். அவன் வருஷத்தில் பாதி கடலில், இவர் மாதத்துக்கு நாலு தடவை காதுக்குள். இதை நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. "எங்கள் மண்ணைத் தொடுகிற கை எதுவானாலும் அது வெட்டப்படும்" என்று வாய் சொன்னது. இது பழைய வசனம், இரண்டு வருஷமாக வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார், ஒரு கையும் விழவில்லை. ஆக இவர் சூசை மிக்கேல் சாதிதான். கோயில் தெருவில் சூசை மிக்கேல் என்று ஒருவர் இருந்தார். பொழுது சாய்ந்தால் போதை, போதை ஏறினால், "இந்தத் தெருவையே கொளுத்திப்புடுவேம்லே!" தினமும் கொளுத்துவார். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவர் அடுத்துச் சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லிக் காட்டுவார்கள். தீப்பெட்டிகூட இல்லாத மனுஷன், பீடிக்கு நெருப்பு அடுத்த வீட்டில்தான் வாங்குவார். குரைக்கிற நாய் கடிக்காது என்று அம்மா சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். சாத்துவாள்தானே? கடிக்காது என்று தெரிந்தவள் எதற்குக் கதவைச் சாத்தினாள்? பிரிஜித்தா இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவை நினைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாளும் போடுவாள்.

கடிக்கிற நாய் வேறு மாதிரி. ரொசாரி பெரியப்பா குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கூடப்பிறந்த தம்பியோடு வலைக் கொட்டகைச் சுவருக்காகத் தகராறு வந்தபோது பங்குச் சாமியார் முன்னால் எல்லாவற்றுக்கும், "சரி சாமி, சரி சாமி" என்றுதான் தலையாட்டினார். மறுநாள் விடியும்போது தம்பியின் வள்ளம் கரையில் விறகாகக் கிடந்தது. கோடரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியப்பா அதே இடத்தில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஆக, பேசுகிறவன் செய்ய மாட்டான், செய்கிறவன் பேச மாட்டான், கணக்கு நேராகிவிட்டது, லிகோரியைப் போகச் சொல்லிவிடலாம். "கடலின் வாசல் எங்களுடையது, சாவி எங்கள் இடுப்பில் இருக்கிறது" என்றது வாய். இது புதிது, சாவி நன்றாக இருக்கிறது, முகுந்தன் உடனே இதைக் கொட்டை எழுத்தில் போடுவார். அந்தா போட்டாகிவிட்டது. ஆனால் கணக்கு நேராகவில்லை. சூசை மிக்கேல் கொளுத்துவேன் என்று கத்தினபோது தெருவில் ஒரு குடத்தின் தண்ணீர்கூட ஆடியதில்லை. இந்த மனிதர் ஒரு வாக்கியம் சொன்னால் எங்கோ கடலில் மலை மாதிரி கப்பல்கள் அப்படியப்படியே நிற்கின்றன. ஒரு தோட்டா வெடிக்கவில்லை, சொன்னார், நின்றுவிட்டன. வளசரவாக்கத்தில் அவள் வீட்டுக்குச் சிலிண்டர் வரவில்லை. கேட்டால் ஏஜென்சிப் பையன், "நீங்கதானேக்கா டிவில சொன்னீங்க" என்கிறான். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரர் அதிபரைத்தான் காரணம் காட்டினார். அதிபரின் வாய்க்குள் இருந்து கிளம்புகிற காற்று எத்தனை அடுப்புகளை அணைக்கிறது! பலம் இருக்கிறதா, வெறும் சவடாலா என்று ராத்திரி விவாதத்தில் நாலு பேர் உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார்கள். ஏவுகணை எத்தனை, படகு எத்தனை என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். பிரிஜித்தாவுக்கு அந்த நால்வரையும் இந்த அறைக்குள் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டிவிட வேண்டும் போல இருந்தது. இங்கே உட்கார்ந்து கேளுங்கள் ஐயா. ஏவுகணை கிடக்கட்டும், இந்தக் குரலைக் கேளுங்கள். ஒரு வயசான மனிதர், பல் கட்டியவர், இடது முழங்கால் வலிக்கிறவர், எழுந்து நின்று நாக்கைப் புரட்டுகிறார், பூமி லேசாகச் சாய்கிறது. அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, வரவேண்டும் என்று தெரிந்தும் வரவில்லை. பெரிய அலைக்கு முன்னால் நிற்கும்போது வருகிற அதே வாயடைப்புதான் வந்தது. சொல்லுக்கு இவ்வளவு கனம் உண்டா, கடவுளே.

அப்புறம்தான் அது உறைத்தது. லிகோரியின் கப்பலில் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். மெஸ்ஸில் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து இந்தச் சேனலைத்தான் பார்ப்பார்கள், அவனே சொல்லியிருக்கிறான். அப்படியானால் இந்த நிமிஷம் அவனைக் கொளுத்திவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது யார்? "நுழைகிறவர்கள் தங்கள் கல்லறைக்குள் நுழைகிறார்கள் என்று அறியட்டும்." சொன்னது அவள் வாய். காலையில் பால் காய்ச்சும்போது ஜெபம் சொன்ன வாய். போன தடவை ஊருக்கு வந்து கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனிடம் "சாப்பாட்டுல உப்பக் கொறைச்சுக்கிடுங்க" என்று சொன்ன வாய். அதிபருக்கு லிகோரி என்று ஒருவன் இருப்பதே தெரியாது, அவர் குரல் அந்த மெஸ்ஸுக்குள் போகவே இல்லை. இவள் குரல்தான் போகிறது. இரண்டு வருஷமாக உலகத்தின் மிரட்டலையெல்லாம் நல்ல தமிழில் திருத்தி, ஒற்று மிகும் இடத்தில் மிகவைத்து, சொந்தப் புருஷன் காதில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். குரலைக் கொஞ்சம் தணிக்கலாமா என்று தோன்றியது. கல்லறை என்பதை ஆபத்து என்று மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? இல்லை, கூடாது. தணித்தால் அவன் உள்ளே போய்விடுவான். கூட்டினால்? கூட்டினால் இறங்கிவிடுவான். ஆனால் ஒன்றுமில்லாததற்கு இறங்கி, அந்தக் கம்பெனியில் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கி, அடுத்த கப்பலுக்கு ஏஜென்ட் வாசலில் நின்று, வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ சொன்னேன்னு இறங்கினேன்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்வான். சொல்லட்டும். சொல்வதற்கு ஆள் இருந்தால் போதாதா? ஐயோ, என்ன நினைப்பு இது, நாக்கு ஒரு சொல் பின்தங்கிவிட்டது, பிடி, பிடி. பிடித்துவிட்டாள்.

அப்போது அதிபர் நிறுத்தினார். அவள் மூக்கு மூச்சுக்காகக் காத்திருந்தாள், கத்தலுக்காக வயிற்றை எக்கித் தயாராக இருந்தாள். வரவில்லை. கூட்டமும் காத்திருந்தது. ஹெட்போனில் ஒரு விழுங்கல் கேட்டது, வெறும் எச்சில், பக்கத்தில் இருந்த தண்ணீரை அவர் தொடவில்லை. பிறகு, அவள் இதுவரை கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற குரலில், நாலைந்து சொற்கள் சொன்னார். இங்கிலீஷ்காரரும் தடுமாறினார், ஒரு கணம் தாமதித்து, கடல் தீப்பற்றினால் அதில் எரிவோம் என்கிற பொருளில் சொன்னார். எரிவார்கள் என்று இல்லை. எரிவோம். இங்கிலீஷ்காரருக்கென்ன, அவர் மொழியில் அதற்கு ஒரே சொல், யாரெல்லாம் என்று கேட்டால் கையை விரித்துவிடுவார். தமிழில் தப்ப முடியாது. நாங்களா, நாமா? நாங்கள் என்றால் அவரும் அவர் மக்களும், கேட்கிறவன் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே. யோசிக்க நேரமில்லை, மனசு எங்கேயோ ஒரு கப்பலின் மெஸ்ஸில் நின்றுகொண்டிருந்தது, வாய் திறந்தது, "கடல் எரிந்தால் அதில் நாம் எரிவோம்" என்று சொல்லிவிட்டது. காதுக்குள் முகுந்தன் பதறினார். "மேடம், 'நாங்கள்', 'நாங்கள்'! நம்மள எதுக்கு உள்ள இழுக்கறீங்க? அடுத்த வாட்டி மாத்திருங்க!" அடுத்த தடவை வரவில்லை. அதிபர் பேச்சை முடித்துவிட்டார். முழக்கம் எழும்பியது, அவர் அதைக் கேட்காதவர் போல மைக்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று, பிறகு படிக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்.

பிரிஜித்தா ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவர் எல்லாரையும் எரித்திருக்கிறார், வெட்டியிருக்கிறார், புதைத்திருக்கிறார், ஆனால் தன்னை அந்தப் பட்டியலில் சேர்த்ததே இல்லை. அழிவு என்றால் எப்போதும் அவர்கள்தான். அடுத்தவன் சாவைப் பற்றிக் கத்துகிறவன் சூசை மிக்கேல், விடு. தன் சாவைப் பற்றி மெதுவாகப் பேசுகிறவன் யார்? அந்த விழுங்கல் பயம்தான், சத்தியமாகப் பயம்தான். அவ்வளவு பெரிய குரலுக்கு அடியில் இவ்வளவு சின்ன ஒரு மனிதன் பயந்து உட்கார்ந்திருக்கிறானா? பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். இல்லாவிட்டால், எல்லாம் இவள் கட்டிய கதையோ? வயசானவருக்குத் தொண்டை வறண்டிருக்கலாம், எழுதிக்கொடுத்தவன் புதியவனாக இருக்கலாம், இங்கிலீஷ்காரர் தப்பாகக் கேட்டிருக்கலாம். அந்த 'நாம்' அவர் சொன்னதா, தான் சொன்னதா? எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அது தெரியப்போவதில்லை. மேசை மேல் போன் ஒளிர்ந்து அடங்கி, மறுபடி ஒளிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"கேட்டோம்ளா" என்றான் லிகோரி. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினான். "எல்லாரும் உக்காந்து கேட்டோம். கடேசியில நீ சொன்னதும் ஒருத்தனும் பேசல. அப்புறம் எங்க டெக் மேஸ்திரி, போசன், சிரிச்சிட்டாரு. கெழவன் பயந்துட்டாம்லே, இனி ஒண்ணும் ஆவாதுங்காரு. நெசமா? பயந்துட்டாரா அவரு?"

"ஆமா. பயந்துட்டாரு."

"அப்பம் நல்லதுதான? பயந்தவன் அடிக்க மாட்டாம்லா?"

சொல்வதற்கு அவளிடம் வராமல் போன ஒரு மூக்கு மூச்சும் எச்சில் விழுங்கலும்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு கடலில் நிற்கிற மனுஷனிடம் என்ன வாதாடுவது? "பயந்தவன்தாங்க அடிப்பான்" என்றாள்.

"லாஞ்ச் கிட்டக்க வந்துட்டு. இறங்கச் சொல்லுதியா?"

"இறங்குங்க."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான், பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். "இல்லளா, நான் சொன்னேன்தான், நீ சொன்னா இறங்குதேன்னு. ஆனா நீ 'நாம்'னு சொன்னதும் எல்லாவனும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தோம் பாத்துக்க. ஒருத்தனும் இறங்கல. போனா எல்லாரும் போவோம்னுட்டானுவ. இத்தன நாள் ஒண்ணாத் தின்னு ஒண்ணாக் கெடந்துட்டு நான் மட்டும் பையத் தூக்கிட்டுப் போறதா? நாங்க எல்லாரும் பேசி..."

"நாங்கன்னு சொல்லாதீங்க."

"என்னளா?"

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுடைய ஒரு சொல், கை தவறி விழுந்த ஒரு சொல், கடல் தாண்டிப் போய் அந்த ஆட்களைக் கயிறு மாதிரி ஒன்றாகக் கட்டிப் போட்டுவிட்டது. அதே கயிற்றுக்கு வெளியே அவளை நிறுத்திவிட்டது. அதட்டலாம் என்று பார்த்தாள். அதிபரின் குரல்கள் எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன, கல்லறையும் சாவியும் வெட்டப்படும் கைகளும். ஒன்றுகூட உதவாது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"அங்க இருக்கிறவங்க உங்களுக்கு நாங்க. அப்ப நான் யாரு? நீங்க அங்க எரிஞ்சா, இங்க நான் டிவியில நின்னு அதையும் சொல்லணும்ங்க. நல்ல தமிழ்ல சொல்லணும். நாங்கன்னு சொல்லாதீங்க. நாமன்னு சொல்லுங்க. நாம ரெண்டு பேரும்."

அவன் எஞ்சினை விட்டுத் தள்ளிப் போயிருக்க வேண்டும், சத்தம் அடங்கியது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள், போகவில்லை. காதில் மறுபடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் மூச்சு கேட்டது. எத்தனை வருஷம் ஆகிவிட்டது அதை இப்படிக் கேட்டு. உள்ளே இழுத்து, நடுவில் நின்று, மெதுவாக வெளியே வந்தது. இந்த மூச்சுக்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போசனே," என்று அவன் யாரையோ கூப்பிட்டான். "அந்தப் பைய எடுத்துத் தாங்க. நாம இறங்குதோம்."

போசன் ஏதோ கேட்டார். நாமன்னா யாருடே என்று கேட்டிருக்கலாம். லிகோரி பதில் சொல்வதற்குள் காற்று வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.